இருபது அடிக் கார் சுருங்கிய கதை

அமெரிக்காவின் ஆடம்பரக் கார்களைப் புரட்டிப் போட்ட பத்து ஆண்டுகள்

1973-ம் ஆண்டு அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி விற்ற "இம்பீரியல்" காரின் நீளம் எவ்வளவு தெரியுமா? 19 அடி 7 அங்குலம்!

நம் மும்பைத் தெருக்களில் பல ஆண்டு காலம் ஓடி, 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றதே "பிரீமியர் பத்மினி" டாக்சி, அதன் நீளம் 13 அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு இம்பீரியல் நிற்கும் இடத்தில் ஒன்றரை டாக்சியை நிறுத்தி விடலாம். எடைக் கணக்கு அதற்கும் மேலே. டாக்சியின் எடை 895 கிலோ. இம்பீரியலோ 2,200 கிலோவுக்கு மேல்.

அதே காலத்துக் "காடிலாக்" காரின் அகலம் ஏறத்தாழ 80 அங்குலம். நம் அகல ரயில் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 66 அங்குலம்தான். காரை அதன் நடுவே நிறுத்தினால் இரு பக்கமும் அரை அடிக்கு மேல் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும்.

இவ்வளவு பெரிய கார் எதற்கு? நாலைந்து பேர் ஆபீசுக்கும் கடைக்கும் போய் வருவதற்கு!

ஆனால் பத்தே ஆண்டுகளில் இந்த ராட்சதக் கார்கள் சுருங்கின. சில பெயர்கள் அடியோடு மறைந்தன. கார் சுருங்கியதோடு கதை முடியவில்லை. அதைச் செய்த ஊரும் சுருங்கியது. 1970-ல் தொடங்கி 1980-களின் முற்பகுதி வரை நடந்த இந்தக் கதையில், கை வேலை செய்து பிழைப்பவர்களும் காகித வேலை செய்து பிழைப்பவர்களும் தெரிந்து கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

நமக்கு அன்னியம் அல்ல

அமெரிக்கக் கார் நம் ஊருக்குப் புதிது அல்ல. 1928 முதல் 1954 வரை பம்பாய் சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செவர்லே கார்களைப் பூட்டி விற்றது. குர்லாவில் பிரீமியர் தொழிற்சாலை 1947-ல் முதன் முதலாகப் பூட்டியவையும் கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ், பிளைமவுத் கார்களே. பியட் கார் அங்கே வந்தது அதற்குப் பிறகு.

ஆனால் இங்கே வந்தவை அமெரிக்காவில் சாதாரண மக்கள் ஓட்டிய கார்கள். மேல் தட்டுக்காரர்களுக்கு மூன்று பெயர்கள் தனியாக இருந்தன. ஜெனரல் மோட்டார்சின் காடிலாக், போர்டு கம்பெனியின் லிங்கன், கிரைஸ்லரின் இம்பீரியல்.

இதில் ஒரு வேடிக்கை. காடிலாக், லிங்கன் இரண்டையும் தொடங்கி வைத்தவர் ஹென்றி லேலண்ட் என்ற ஒரே மனிதர். 1902-ல் பிறந்த காடிலாக்கை ஜெனரல் மோட்டார்ஸ் 1909-ல் வாங்கியது. அங்கிருந்து வெளியேறிய லேலண்ட் 1917-ல் லிங்கனைத் தொடங்கினார். அதை 1922-ல் ஹென்றி போர்டு வாங்கினார். ஒரே தகப்பனின் இரு பிள்ளைகள் அதன் பிறகு பகையாளி வீடுகளில் வளர்ந்தார்கள்.

கிரேடு ஏறுவது போல

காடிலாக் என்பது வெறும் கார் அல்ல. அது ஒரு படி.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் கார்களை ஏணிப் படிகள் போல அடுக்கி வைத்திருந்தது. அடிப் படியில் செவர்லே. அதற்கு மேல் பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக். உச்சியில் காடிலாக். வேலையில் சேர்ந்தவுடன் செவர்லே வாங்குவார்கள். சம்பளம் உயர உயர அடுத்த கார். மானேஜரானால் பியூக். முதலாளியானால் காடிலாக்.

கிரேடு ஏறும்போது நாற்காலியும் மேஜையும் மாறுவதை நாம் ஆபீசில் பார்க்கிறோம் அல்லவா? அதே கதைதான். வாசலில் நிற்கும் காரைப் பார்த்தே ஒரு மனிதரின் நிலையை அமெரிக்கர்கள் எடை போட்டார்கள். பெரிய கார் என்றால் பெரிய மனிதர்.

1970-ல் வந்த காடிலாக் "எல்டொராடோ"வின் என்ஜின் 500 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர். நம் பத்மினி டாக்சியின் என்ஜின் 1,089 சி.சி. ஏழரை டாக்சிகளின் என்ஜினை ஒரே பானட்டுக்குள் அடைத்தது போன்றது! 400 குதிரைச் சக்தி என்று விளம்பரம் செய்தார்கள்.

லிங்கன் விடுமா? "கான்டினென்டல் மார்க்-3" என்ற காரை 1968-ல் இறக்கியது. போர்டு கம்பெனியில் அப்போது மேல் அதிகாரியாக இருந்த லீ அயகோக்காவின் யோசனை அது. தண்டர்பேர்டு என்ற கம்பெனியின் சொந்தக் காரின் அடித்தளத்தை எடுத்து, ரோல்ஸ் ராய்ஸ் காரைப் போன்ற முகப்பைப் பொருத்தினார்கள். செலவு குறைவு, லாபம் கொள்ளை.

1972-ல் "மார்க்-4" வந்தது. பின்பக்கத் தூணில் முட்டை வடிவத்தில் சின்ன ஜன்னல், கூரை மேல் வினைல் உறை, உள்ளே கார்ட்டியே நகைக் கம்பெனியின் பெயர் போட்ட கடிகாரம். 1976-ல் பாரிசின் ஜிவான்ஷி, இத்தாலியின் பூச்சி, அமெரிக்காவின் பில் பிளாஸ் ஆகிய ஆடைக் கலைஞர்களின் பெயரிலேயே கார்கள் விற்பனைக்கு வந்தன. சேலையின் முந்தானை பார்த்து வாங்குவது போல, நிறமும் மெத்தையும் பார்த்து வாங்கினார்கள்.

முதல் அடி: சட்டம்

இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே 1970-ம் ஆண்டின் கடைசி நாளில் ஜனாதிபதி நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். "தூய காற்றுச் சட்டம்" என்று பெயர். கார்ப் புகையில் உள்ள நச்சுப் பொருளை 90 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்றது சட்டம்.

கம்பெனிகள் முதலில் என்ஜினுக்குள் பெட்ரோல் கலவை அழுத்தப்படும் அளவைக் குறைத்தன. ஈயம் கலக்காத பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதற்காக இது. அழுத்தம் குறைந்தால் சக்தியும் குறையும். 400 குதிரைச் சக்தி என்று விற்ற அதே என்ஜின் 1971-ல் 365 ஆனது.

1972-ல் வந்த தாளில் 235 என்று இருந்தது. இதற்குக் காரணம் வேறு. அதுவரை என்ஜினைத் தனியாகக் கழற்றி வைத்து, விசிறி, டைனமோ, சைலன்சர் எதுவும் மாட்டாமல் சோதித்துச் சக்தியைச் சொன்னார்கள். அதன் பிறகு எல்லாவற்றையும் மாட்டி, காரில் இருப்பது போலவே சோதித்துச் சொன்னார்கள். மொத்தச் சம்பளத்துக்கும், பிராவிடண்டு பண்டு, சொசைட்டிக் கடன் எல்லாம் பிடித்த பிறகு கைக்கு வரும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஒன்றாம் தேதி கவர் வாங்கும் நமக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

1975-ல் புகைக் குழாயில் "காடலிடிக் கன்வர்ட்டர்" வந்தது. பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய சிறு உருண்டைகள் நிறைந்த டப்பா அது. நச்சுப் புகை அதன் வழியே போகும்போது நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். ஈயம் பட்டால் அந்த டப்பா கெட்டு விடும். எனவே ஈயம் கலந்த பெட்ரோலை இந்தக் கார்களில் ஊற்றக் கூடாது. 1976-ல் அந்த 8.2 லிட்டர் என்ஜின் சாதாரணமாகக் கொடுத்தது 190 குதிரைச் சக்திதான்.

இன்னொரு பக்கம் விபத்துப் பாதுகாப்பு. மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் விளக்கும் மற்ற முக்கியப் பாகங்களும் சேதமாகக் கூடாது என்று 1973-ல் விதி வந்தது. முன்னும் பின்னும் கனமான பம்பர்கள் முளைத்தன. ஏற்கெனவே நீளமான கார் மேலும் நீண்டது. ஏற்கெனவே கனமான கார் மேலும் கனத்தது. சட்டம் ஒரு கையால் சக்தியைப் பிடுங்கியது. மறு கையால் சுமையை ஏற்றியது.

நல்லதும் நடந்தது. 1974 முதல் 1976 வரை காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் மோதலின்போது உப்பி உயிர் காக்கும் காற்றுப்பையை ஜெனரல் மோட்டார்ஸ் விற்றது. ஆனால் சுமார் 10,000 பேர்தான் வாங்கினார்கள். ஆடை வடிவமைப்பாளரின் பெயருக்குப் பணம் கொடுத்தவர்கள் உயிர் காக்கும் பைக்குக் கொடுக்கவில்லை. இன்று காற்றுப்பை இல்லாத கார் அங்கே விற்பனைக்கே வராது.

இரண்டாவது அடி: எண்ணெய்

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்காவுக்கு எண்ணெய் கிடையாது என்று அரபு நாடுகள் தடை போட்டன. ஒரு பீப்பாய் 3 டாலர் அளவில் விற்ற கச்சா எண்ணெய் 1974 ஜனவரியில் 11 டாலர் 65 சென்ட் ஆனது.

அமெரிக்கர்கள் வாழ்நாளில் பார்க்காத காட்சிகளைப் பார்த்தார்கள். ரேஷன் கடை வாசல் போலப் பெட்ரோல் பங்குகளில் நீண்ட கியூ. சில மாநிலங்களில் ஒற்றைப்படை எண் கார்களுக்கு ஒரு நாள், இரட்டைப்படை எண் கார்களுக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை பங்குகளை மூடி வைக்கும்படி ஜனாதிபதியே கேட்டுக் கொண்டார். 1974 ஜனவரியில், நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது.

லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது என்ற நிலையில் இருந்த ஆடம்பரக் கார்களின் கதி என்ன ஆகும்? கடைகளில் தேங்கி நின்றன.

அந்த எண்ணெய் விலையே வளைகுடா நாடுகளில் கட்டடங்களாகவும் சாலைகளாகவும் எழுந்தது. அந்த வேலைகளுக்காக 1970-களில் பம்பாய் வழியே விமானம் ஏறியவர்களில் நம்மவர்களும் உண்டு. டெட்ராய்ட்டில் ஒரு அடுப்பு அணைய, திருநெல்வேலியிலும் ராமநாதபுரத்திலும் சில அடுப்புகள் எரிந்தன. உலகம் அவ்வளவு சிறியது.

முதல் பலி இம்பீரியல். 1975 ஜூன் மாதத்தோடு அதன் உற்பத்தி நின்றது. அதே உடலுக்குச் சிறு மாற்றம் செய்து, "நியூயார்க்கர்" என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்றார்கள். பெயரில் மட்டுமே ராஜ்யம் இருந்தது என்பது அப்போது தெரிந்தது.

சிறியது, ஆனால் விலை அதிகம்!

காடிலாக் வேறு வழியில் யோசித்தது. பணக்காரர்களில் இளைய தலைமுறை ஜெர்மனியின் மெர்சிடஸ் பென்ஸ் கார்களை வாங்குவதை அது கவனித்திருந்தது. மெர்சிடஸ் சிறியது, பளபளப்பும் குறைவு, ஆனால் வளைவில் உறுதியாக நின்றது. கதவை மூடினால் பெட்டகம் மூடுவது போன்ற சத்தம்.

1975 மே மாதத்தில் "செவில்" வந்தது. மற்றக் காடிலாக்குகளை விட இரண்டே கால் அடி குட்டை. எடையில் சுமார் 1,000 பவுண்டு, அதாவது 450 கிலோ குறைவு. வடிவத்தை மேற்பார்த்தவர் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புத் தலைவர் பில் மிச்செல். நேர்க் கோடுகளில் அடக்கமாக அமைத்தார்கள். என்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து விட மின்னணுக் கருவி வைத்தார்கள்.

விலை 12,479 டாலர். பெரிய "டி வில்" காரை விடச் சுமார் 3,000 டாலர் அதிகம்!

சின்னக் காருக்குப் பெரிய விலை கொடுக்க யார் வருவார்கள் என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். முதல் முழு ஆண்டிலேயே 40,000-க்கு மேல் விற்றது. உள்ளபடியே நல்ல சாமானாக இருந்தால் அளவைப் பார்க்காமல் வாங்குவார்கள் என்பதை அமெரிக்காவுக்குச் சொன்ன முதல் கார் அதுதான்.

கடைசித் திறந்த கார்

1976 ஏப்ரல் 21. டெட்ராய்ட் நகரின் கிளார்க் தெருவில் உள்ள காடிலாக் தொழிற்சாலையிலிருந்து வெள்ளை நிற எல்டொராடோ ஒன்று வெளியே வந்தது. கூரையை மடக்கித் திறக்கும் கார். அமெரிக்காவின் கடைசித் திறந்த கார் என்று கம்பெனி அறிவித்தது. கார் கவிழ்ந்தால் தாங்கும் கூரை வேண்டும் என்று புதிய விதி வரும் என்ற பயம் ஒரு காரணம். ஏர்கண்டிஷன் வந்த பிறகு திறந்த காரை விரும்புவோர் குறைந்தது மற்றொரு காரணம்.

அந்த ஆண்டு 14,000 திறந்த எல்டொராடோக்கள் விற்றன. தங்கம் வாங்கிப் போடுவது போலப் பலர் வாங்கி ஷெட்டில் பூட்டி வைத்தார்கள். ஆனால் 1984-ல் காடிலாக் கம்பெனியே மறுபடியும் திறந்த எல்டொராடோவை விற்கத் தொடங்கியது. கடைசிக் கார் என்று நம்பி வாங்கியவர்கள் கொதித்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். கம்பெனியின் வாக்கை நம்பிப் பணம் போடுவதில் உள்ள ஆபத்துக்கு இது ஒரு சாட்சி.

சராசரிக் கணக்கு

1975 டிசம்பரில் இன்னொரு சட்டம். ஒரு கம்பெனி விற்கும் கார்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 1978-ல் ஒரு காலனுக்குச் சராசரி 18 மைல் ஓட வேண்டும். 1985-ல் அது 27.5 மைல் ஆக வேண்டும். ஒவ்வொரு 0.1 மைல் குறைவுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 5 டாலர் அபராதம். லட்சக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கு இது கோடிக்கணக்கில் போகும்.

வகுப்பில் நாலு பையன்கள் 10 மார்க் வாங்கினால் சராசரியைக் காக்க மற்றவர்கள் நூறுக்கு நூறு வாங்க வேண்டும் அல்லவா? இங்கே அந்த 10 மார்க் பையன்கள் ஆடம்பரக் கார்கள்தான்.

ஜெனரல் மோட்டார்ஸ் முந்திக் கொண்டது. 1977-ம் ஆண்டுக் காடிலாக் டி வில் ஒன்பதரை அங்குலம் குறைந்தது. எடை சுமார் 900 பவுண்டு குறைந்தது. என்ஜின் 8.2 லிட்டரிலிருந்து 7 லிட்டரானது. ஆனால் உள்ளே உட்காரும் இடத்தையும் டிக்கியையும் குறைக்கவில்லை. வெளியில் இருந்த வெற்றுச் சதையை மட்டும் வெட்டினார்கள். அந்த ஆண்டு மூன்றரை லட்சத்துக்கு மேல் காடிலாக் கார்கள் தயாராயின.

லிங்கன் எதிர்த் திசையில் நின்றது. "எங்கள் கார் சுருங்கவில்லை" என்பதே அதன் பலம். 1977-ல் வந்த "மார்க்-5" 19 அடிக்கு மேல் நீளம். மூன்று ஆண்டுகளில் 2 லட்சத்துக்கு மேல் விற்றது. அணையப் போகும் விளக்கு பிரகாசமாக எரிந்தது.

செவிலுக்குப் போட்டியாக லிங்கன் இறக்கிய "வெர்செயில்ஸ்" மட்டும் மண்ணைக் கவ்வியது. காரணம் எளிது. போர்டு கம்பெனியின் "கிரனடா" என்ற சாதாரணக் காருக்கு லிங்கன் முகப்பும் மெத்தையும் பொருத்தி 11,500 டாலர் என்றார்கள். பக்கத்துக் கடையில் கிரனடா அதில் பாதிக்கும் குறைந்த விலையில் நின்று கொண்டிருந்தது. ஜனங்களுக்குக் கண் இல்லையா?

மூன்றாவது அடி

1979-ல் ஈரானில் புரட்சி. கச்சா எண்ணெய் விலை ஓராண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மீண்டும் கியூ.

எல்டொராடோ அந்த ஆண்டு 20 அங்குலம் குறைந்து வந்திருந்ததால் தப்பித்தது. மொத்தத்தில் காடிலாக் அந்த ஆண்டு 3 லட்சத்து 80 ஆயிரம் கார்களைத் தாண்டியது. அடுத்த ஆண்டு, 1980-ல், சுமார் 2 லட்சத்து 30 ஆயிரமாகச் சரிந்தது. லிங்கனும் அந்த ஆண்டு சுருங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

கிரைஸ்லர் திவாலின் விளிம்புக்கே போனது. போர்டு கம்பெனியிலிருந்து நீக்கப்பட்ட அயகோக்காதான் இப்போது அதன் தலைவர். ரோல்ஸ் முகப்பு மாட்டி விற்ற அதே மனிதர் வாஷிங்டனில் போய்ச் சர்க்காரிடம் கை ஏந்தினார். 1980 ஜனவரியில் 150 கோடி டாலர் கடனுக்குச் சர்க்கார் ஜாமீன் நின்றது. தொழிலாளர்கள் சம்பளத்தையும் சலுகைகளையும் விட்டுக் கொடுத்தார்கள். 1983-ல், கெடுவுக்கு ஏழு ஆண்டு முன்பே கடன் தீர்ந்தது.

அவசரத்தில் செய்த மூன்று தவறுகள்

இந்த நெருக்கடியில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த மூன்று காரியங்கள்தான் காடிலாக்கின் பெயரைக் கெடுத்தன.

முதலாவது டீசல். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக் கொள்ளும். பெட்ரோல் என்ஜினில் 8 மடங்கு அழுத்தம் என்றால் இதில் 22 மடங்கு. ஓல்ட்ஸ்மொபைல் பெட்ரோல் என்ஜினின் அமைப்பைத் தழுவியே டீசல் என்ஜினைச் செய்தார்கள். பிளாக்கைப் பலப்படுத்தினார்கள். ஆனால் மேல் மூடியைப் பிடிக்கும் ஹெட் போல்ட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. டீசலில் கலந்து வரும் தண்ணீரைப் பிரிக்கும் கருவியும் வைக்கவில்லை. போல்ட் இழுபட்டது, கேஸ்கட் போனது, பம்ப் துருப்பிடித்தது. நம் ஊர் லாரி மெக்கானிக் பையனைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பான். 1980-ம் ஆண்டுச் செவில் காரில் இதுவே முதன்மை என்ஜின்! வழக்குகள் குவிந்தன. 1985-ல் கைவிட்டார்கள்.

இரண்டாவது, 1981-ல் வந்த "8-6-4" என்ஜின். முழு சக்தி வேண்டும்போது எட்டு சிலிண்டரும், மற்ற நேரங்களில் சுமைக்கு ஏற்ப ஆறோ நாலோ ஓடும். தேவையில்லாத சிலிண்டர்களின் வால்வுகளைக் கருவி ஒன்று மூடி வைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அதை ஆட்டி வைத்த அன்றைய கம்ப்யூட்டருக்கு வேகம் போதவில்லை. கார் குலுங்கியது, திணறியது. வாங்கியவர்கள் மெக்கானிக்கிடம் போய் அந்த இணைப்பையே துண்டிக்கச் சொன்னார்கள். நீண்ட லிமோசின் கார்களைத் தவிர மற்றவற்றில் ஒரே ஆண்டில் மறைந்தது. அதே யோசனை 2000-க்குப் பிறகு வேகமான கம்ப்யூட்டர்களுடன் திரும்பி வந்து, பல கம்பெனிகளின் கார்களில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

மூன்றாவது "சிமரான்". 1982-ம் ஆண்டு மாடலாக வந்த இந்தக் குட்டிக் காடிலாக், அடிப் படியில் நின்ற செவர்லே "கவலியர்" காரே. நாலு சிலிண்டர், 88 குதிரைச் சக்தி. தோல் மெத்தையும் காடிலாக் முத்திரையும் பொருத்தி, ஏறத்தாழ 5,000 டாலர் கூட்டி 12,000 டாலருக்கு விற்றார்கள். லிங்கன் வெர்செயில்சில் பட்டதைப் பார்த்தும் பாடம் படிக்கவில்லை.

மேலே சொன்ன ஏணி அன்று முறிந்தது. அடிப் படியும் உச்சிப் படியும் ஒன்றே என்றால் எதற்காக ஏற வேண்டும்? 1975-ன் செவிலும் சிறிய கார்தான். 1982-ன் சிமரானும் சிறிய கார்தான். முன்னதில் வேலைப்பாடு இருந்தது. பின்னதில் முத்திரை மட்டும் இருந்தது. அளவு குறைந்ததை மன்னித்த வாடிக்கையாளர், ஏமாற்றியதை மன்னிக்கவில்லை. அவர் மெர்சிடஸ் கடைக்குப் போனார். 1989-ல் ஜப்பானின் லெக்சஸ் வந்தபோது அங்கேயும் போனார்.

யார் கொடுத்த விலை?

தவறான முடிவை எடுத்தவர்கள் மேல் மாடியில் இருந்தார்கள். விலை கொடுத்தவர்கள் கீழே இருந்தார்கள்.

1980 ஜனவரியில் டெட்ராய்ட்டை அடுத்த ஹாம்டிராம்க்கில் "டாட்ஜ் மெயின்" என்ற கிரைஸ்லர் தொழிற்சாலை மூடப்பட்டது. எழுபது ஆண்டுத் தொழிற்சாலை. தகப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை வேலை பார்த்த இடம். 1981-ல் அந்த இடத்திலும் அதைச் சுற்றியும் புதிய காடிலாக் தொழிற்சாலை கட்டுவதற்காக 4,000-க்கு மேற்பட்ட மக்களின் வீடுகளும் கடைகளும் மாதா கோயில்களும் இடிக்கப்பட்டன. அந்தப் பேட்டையின் பெயர் போல்டவுன். கடைசித் திறந்த கார் வெளிவந்த கிளார்க் தெருத் தொழிற்சாலையில் கார் செய்வது 1987-ல் நின்றது.

1970-ல் 15 லட்சம் பேர் வாழ்ந்த டெட்ராய்ட் நகரில் 2020-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி 6 லட்சத்து 39 ஆயிரம் பேர்தான். கருப்பு மக்கள், போலந்துக்காரர்கள், தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று வேலை தேடி வந்தவர்களாலேயே நிறைந்த நகரம் அது.

வேலை போன கோபம் எங்கே பாயும்? 1982 ஜூன் மாதத்தில் வின்சென்ட் சின் என்ற 27 வயது வாலிபரை டெட்ராய்ட் வட்டாரத்தில் கார்த் தொழிலைச் சேர்ந்த இரண்டு பேர் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். ஜப்பான் கார்களால் தங்களுக்கு வேலை போகிறது என்ற வெறி. சின் ஜப்பானியரே அல்ல. சீன வம்சத்தில் வந்த அமெரிக்கர். கொன்றவர்களுக்குக் கோர்ட் கொடுத்த தண்டனை 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தை ஜாமீனும். ஒரு நாள் கூடச் சிறை இல்லை. ஹெட் போல்ட் குறைவாக வைத்தவரை விட்டு விட்டு, முகம் வேறாக இருந்தவரை அடித்தார்கள். வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவை இல்லை.

மறுபடியும் வளர்ந்தது

கார் சுருங்கியதோடு ஆடம்பரமும் திருந்தியதா? இல்லை.

அந்த 1975 சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. கார்களுக்கு ஒரு சராசரி. சிறிய லாரி வகைகளுக்கு அதைவிட எளிதான இன்னொரு சராசரி. விவசாயிக்கும் தச்சருக்கும் சலுகையாக வைத்தது அது. கம்பெனிகள் லாரி அடித்தளத்தில் சொகுசு வண்டிகளைச் செய்தன. 1997-ல் லிங்கன் "நாவிகேட்டர்" வந்தது. அடுத்த ஆண்டு காடிலாக் "எஸ்கலேடு" வந்தது. காருக்குப் பூட்டிய கதவை லாரி வழியாகத் திறந்து கொண்டு, பெரிய வண்டி திரும்பி வந்தது. 2020-ல் லிங்கன் அமெரிக்காவில் தாழ்வான கார் விற்பதையே நிறுத்தி விட்டது. 2025-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் அந்த 5 டாலர் அபராத முறையின் தொகையையே பூஜ்யமாக்கி விட்டது.

காடிலாக் இப்போது பெட்ரோலே இல்லாமல் பாட்டரியில் ஓடும் எஸ்கலேடையும் செய்திருக்கிறது. நீளம் ஏறத்தாழ 19 அடி. எடை 4,100 கிலோவுக்கு மேல். பழைய இம்பீரியலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, நாலரைப் பத்மினி டாக்சிகளின் பாரம். புகை இல்லை, ஆனால் பெரியதே பெருமை என்ற பழைய எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த வண்டி தயாராகும் இடம் எது தெரியுமா? டாட்ஜ் மெயின் தொழிற்சாலையையும் போல்டவுன் வீடுகளையும் இடித்துக் கட்டினார்களே, அதே இடம்.